விளம்பரப் பலகையில் நிற்பவள்



சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் சாலையில் நம் குடிபாலா வழியே போகிறவர்கள் விளம்பரப் பலகைகளைக் காணாமல் போக முடியாது. பட்டுப் புடவைக்கும் நகைக்கும் ஒரு பெண் நிற்பது இயல்பே. ஆண்மகன் அணியும் சட்டைத் துணிக்கும் உள்ளாடைக்கும் அவள் ஏன் மயங்கிச் சாய்ந்து நிற்கிறாள்?

இது இக்காலத்தில் புதிதாய்ப் பிறந்த வழக்கம் என்று எண்ண வேண்டா. விநயபிடகத்து மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வைசாலியில் அம்பபாலி என்னும் கணிகை இருந்தாள். ஓர் இரவுக்கு அவள் விலை ஐம்பது. அவளால் அந்நகரின் பொலிவு பெருகிற்று. அலுவல் நிமித்தம் அங்குச் சென்ற இராசகிருகத்துப் பிரமுகர் ஒருவர் இதனைக் கண்டு திரும்பி, நமக்கும் இப்படி ஒருத்தி வேண்டுமென்று பிம்பிசார மன்னனிடம் விண்ணப்பித்தார். சாலவதி என்னும் குமரி தேர்ந்தெடுக்கப்பட்டாள். விலை நூறு.

ஊரோடு ஊர் போட்டியிட, ஒரு பெண்ணின் உடல் விளம்பரமாயிற்று. பின்பு சாலவதி கருவுற்றாள். கருவுற்றவளை ஆடவர் விரும்பார் என்று அஞ்சி, நோயுற்றவள்போல் எவரையும் காணாது இருந்தாள். பிறந்த ஆண்மகவைப் பழைய முறத்திலிட்டுக் குப்பையில் எறியச் செய்தாள். அபய குமாரன் கண்டெடுத்து வளர்த்த அம்மகவே பிற்காலத்தில் பகவன் புத்தருக்கு மருத்துவம் செய்த சீவகன். சாலவதியை நாம் பழிக்க வேண்டா. அவள் அழகுக்கு விலை வைத்த நகரத்தாரையன்றோ கேட்க வேண்டும்?

இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வாணிகங்களைப் பகவன் கூறினார்: ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு. உயிர்கள் என்பதற்கு மனிதரை விற்றல் என்று உரையாசிரியர் பொருள் கொண்டனர். விளம்பரத்தில் நிற்பவள் கூலி பெற்றுத்தானே நிற்கிறாள் என்பீர்கள். உண்மைதான், அவள் அடிமை அல்லள். ஆயினும் முகத்தை வெட்டிவிட்டு இடையையும் காலையும் மட்டும் காட்டும்போது அங்கே ஆள் ஏது? சரக்குதான் இருக்கிறது. பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. இரண்டாயிரம் ரூபாய்க்கு இன்று நல்ல பட்டுப்புடவை ஒன்றுகூடக் கிடைக்காது!

நல்லாடை உடுத்தலாகாது என்று யான் கூற வரவில்லை. நம்மவர்க்கு ஆடை மானத்தின் வரலாறு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையைப் பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் 1859இல் பெற்றனர். அப்போதும் மேற்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்றே ஆணை பிறந்தது. 1927 டிசம்பரில் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் பெண்களை நோக்கி, தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் புடவைக்கட்டையும் நகைகளையும் விட்டொழிக்கச் சொன்னார்.

அவ்விதம் மானம் மீட்ட வீடுகளுக்குள் நிறத்தின் இழிவு நுழைந்திருக்கிறது. 1975இல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்னும் களிம்பின் விளம்பரங்கள், கறுத்த பெண்ணுக்கு வரனும் வேலையும் வாய்க்கா, வெளுத்தால் வாய்க்கும் என்று கதை கட்டின. கறுத்த நிறத்தாரைத் தாழ்ந்தவராகக் காட்டலாகாதென்று விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் 2014இல் நெறி வகுத்தது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கிற்று. நம் வீட்டு வரன் குறிப்பிலிருந்து 'சிவந்த நிறம்' நீங்கிற்றா? பிறப்பினால் தாழ்வில்லை என்று திரிசரணம் புகுந்தோர், தோலினால் தாழ்வுண்டு என்று தம் கையாலேயே எழுதுகிறோமே!

வரும் பௌர்ணமிக் கூட்டத்துக்கு, பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வரன் குறிப்பு எழுதி வைத்திருப்போர் அதனைக் கொண்டு வாருங்கள். நிறத்தைக் கூறும் வரியை அடித்துவிட்டு, அவர்கள் என்ன கற்றார்கள், என்ன தொழில் அறிவார்கள் என்பதை அவ்விடத்தில் சேர்ந்தமர்ந்து எழுதுவோம்.