எட்டாவது நிமிடத்துத் தண்ணீர்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கென்டக்கி எல்லையை ஒட்டி, சவுத் ஃபுல்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2010 செப்டம்பர் இறுதியில் அந்த ஊருக்கு வெளியே, ஒபியன் கவுண்டியின் கிராமப்புறத்தில், குப்பை எரித்த இடத்திலிருந்து கிளம்பிய நெருப்பு ஒரு வீட்டைப் பிடித்தது. வீட்டார் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். அவசர எண்ணுக்கு அழைத்தார்கள். வண்டி வரவில்லை. நகரத்தின் தீயணைப்புத் துறை, நகர எல்லைக்கு வெளியே வசிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 75 டாலர் சந்தா வாங்கிக்கொண்டுதான் சேவை செய்துவந்தது. அந்த வீட்டார் அந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டியிருக்கவில்லை. நெருப்பு வேலி தாண்டி அண்டை நிலத்துக்குப் போனபோது வண்டி வந்தது, ஏனென்றால் அண்டை வீட்டுக்காரர் சந்தா கட்டியவர். வீரர்கள் அவருடைய நிலத்தை நனைத்தார்கள். என்ன செலவானாலும் இப்போதே தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னது எடுபடவில்லை. வீடு முழுதும் எரிந்தது. உள்ளே இருந்த மூன்று நாய்களும் ஒரு பூனையும் செத்தன.

விபத்து நடந்த பிறகு வந்து காப்பீடு எடுக்க முடியுமா, இதுவும் அப்படித்தான் என்று நகரத்தின் பக்கம் பேசியவர்கள் கேட்டார்கள். தண்ணீரும் ஆளும் கையில் இருக்க, எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மனிதச் செயலா என்று மறுபக்கத்தார் கேட்டார்கள். தீயணைப்பு ஊழியர்களின் சங்கமே இந்தக் கொள்கையைக் கண்டித்தது. இரு தரப்பாரின் கண்ணும் வேலியோரத்தில் நின்ற வீரர்கள்மீதும் 75 டாலர் கட்டாத மனிதர்மீதுமே இருந்தது. ஆனால் அன்றைய தவறு அன்றைக்குச் செய்யப்பட்டதல்ல. தீயணைப்பைச் சந்தாவுக்கு விற்கலாம் என்று என்றைக்கோ முடிவெடுத்தபோதே அது நடந்து முடிந்துவிட்டது. அதன் பிறகு வேலியோரத்தில் நிற்பவர் இரக்கம் காட்டினால் சந்தா கட்டியவரை ஏமாற்றியவராகிறார், காட்டாவிட்டால் கல்நெஞ்சராகிறார். எந்த வழியில் போனாலும் குற்றவாளியாகும் நிலையில் ஒருவரை நிறுத்துவதே அநீதிதான். இரக்கம் இயல்பாக வேலை செய்ய வேண்டுமானால், அதற்கான செலவை எல்லாரும் முன்கூட்டியே, கட்டாயமாகப் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கிராமத்துத் தீயணைப்பு வண்டியின் தண்ணீர்க் கணக்கைப் பார்த்தாலே இது புரியும். நகரத்துத் தெருக்களில் இருப்பதுபோல் கிராமத்துச் சாலையோரங்களில் தீயணைப்புக் குழாய்கள் பெரும்பாலும் கிடையா. முதலில் வரும் வண்டி 1,000 காலன், அதாவது ஏறக்குறைய 3,800 லிட்டர், தண்ணீரோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 150 காலன் பீய்ச்சும் ஒரே ஒரு குழாயைத் திறந்தால், ஏழு நிமிடம் ஆவதற்குள் தொட்டி காலி. அதற்குள் பக்கத்து நிலையங்களிலிருந்து தண்ணீர் லாரிகள் வந்து சேர வேண்டும். சாலையோரத்தில் ஒரு மடக்குத் தொட்டியை விரித்து, லாரிகள் அதில் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குளத்துக்குத் திரும்ப ஓட, வண்டி அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சி அடிக்க வேண்டும். எட்டாவது நிமிடத்துத் தண்ணீர் பக்கத்து ஊர்க்காரருடையது. அதை ஓட்டிவருபவரும் பெரும்பாலும் சம்பளமில்லாதவர். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள், கடையையோ வயலையோ விட்டுவிட்டு ஓடிவருபவர்கள். இத்தனை பேர் கைகோத்தால்தான் நடக்கும் ஒரு காரியத்தை வீட்டுக்கு வீடு ரசீது போட்டு விற்கும் பண்டமாக நினைப்பது, அது எப்படி நடக்கிறது என்பதையே மறப்பதாகும்.

பண்டமாக விற்றுப் பார்த்த அனுபவம் உலகத்துக்கு ஏற்கெனவே உண்டு. 1666-ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் தோன்றிய காப்பீட்டு நிறுவனங்கள் சொந்தமாகத் தீயணைப்புப் படைகளை வைத்துக்கொண்டன. தாங்கள் காப்பீடு செய்த வீடுகளின் சுவரில் உலோக முத்திரை பதித்தன. நெருப்புக்கு முத்திரை படிக்கத் தெரியாது. காப்பீடு இல்லாத வீட்டை எரியவிட்டால், காப்பீடு உள்ள அடுத்த வீடும் எரியும். தனித்தனிப் படைகள் கட்டுப்படியாகாமல், 1833-இல் நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே படையை அமைத்தன. 1861-இல் டூலி தெருக் கிடங்குகளில் மூண்ட தீயில் அந்தப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டே இறந்தார். இனி இந்தச் சுமை எங்களால் ஆகாது என்று நிறுவனங்களே அரசிடம் சொன்னதன் விளைவாக, 1865-இல் சட்டம் இயற்றப்பட்டுப் பொதுப் பணத்தில் இயங்கும் படை வந்தது. லாபக் கணக்கில் தேர்ந்தவர்களே, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் முயன்ற பிறகு, இது தங்கள் தொழில் அல்ல என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

தேவாலயங்கள் நிறைந்த டென்னசி போன்ற இடத்தில் இது சமயக் கேள்வியாகவும் ஆவது இயல்பு. சந்தா முறையை ஆதரிப்பவர் மத்தேயு நற்செய்தியின் பத்துக் கன்னிகைகளைத் துணைக்கு அழைக்கலாம்: எண்ணெய் கொண்டுவராத ஐவருக்கு மற்ற ஐவர் பங்கு தரவில்லை, கதவும் அடைக்கப்பட்டது. ஆனால் அந்தக் கதை இறைவனின் வருகைக்கு ஒவ்வோர் உள்ளமும் தன்னைத் தயாராக வைத்திருப்பதைப் பற்றியது. ஒருவர் உள்ளத்தின் ஆயத்தத்தை இன்னொருவர் கடனாகத் தர முடியாது, தண்ணீரைத் தரலாம். அயலான் யார் என்ற நேர்க் கேள்விக்கு லூக்கா நற்செய்தி தரும் விடை நல்ல சமாரியன் கதை. அதில் பலர் கவனியாத ஒன்று உண்டு: சமாரியன் வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிவிட்டுப் போகிறான். அவனுடைய இரக்கம் பலித்ததற்குக் காரணம் அந்த வழியில் ஒரு சத்திரம் இருந்ததுதான். மார்ட்டின் லூதர் கிங் 1967-இல் நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் பேசியபோது இந்தக் கதையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்: அடிபட்டவரைத் தூக்குவது தொடக்கம் மட்டுமே, யாரும் அடிபடாதபடி, அந்தக் கதை நடக்கும் எரிகோ சாலையையே மாற்றியமைக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

சாலையை மாற்றுவது என்றால் நடைமுறையில் என்ன? அமெரிக்கக் கிராமங்களில் அதற்கு ஒரு வடிவம் பல காலமாக இருக்கிறது: தீயணைப்பு மாவட்டம். பெயர் மாவட்டம் என்றாலும் சில ஊர்களும் வயல்களும் சேர்ந்த சிறு பரப்புதான். தீயணைப்புக்காக மட்டும் ஏற்பட்ட குட்டி அரசு அது. எல்லைக்குள் உள்ள எல்லா நிலம், வீடுகள்மீதும் வரி விதிக்கும். இல்லினாயில் இதற்கான சட்டம் 1927-இலேயே வந்தது. மிசூரியில் நிர்வாகக் குழுவை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சந்தாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு பணத்தில் இல்லை, வாக்கில் இருக்கிறது. ஒபியன் கிராமத்தார் நகரத்துக்குச் சந்தா கட்டலாம்; ஆனால் நகர எல்லைக்கு வெளியே இருப்பதால், கொள்கையை வகுக்கும் நகர மன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. அங்கே அவர் வாடிக்கையாளர்; மாவட்டத்தில் குடிமகன். இல்லினாயில் இந்த நிர்வாகிகளுக்கு உள்ள பதவிப் பெயரைத் தமிழில் அறங்காவலர் என்றுதான் சொல்ல வேண்டும். நம் மொழி அந்தச் சொல்லுக்குள் கணக்கு வழக்கை மட்டும் வைக்கவில்லை, அறத்தையும் வைத்திருக்கிறது. அதே மொழியில் வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாகப் பிரித்தார். ஈகை, இல்லாதவர்க்கு ஒருவர் மனமுவந்து தருவது. ஒப்புரவு, ஊரோடு சேர்ந்து வாழ்பவர் ஊருக்குச் செய்யக் கடமைப்பட்டது. தீயணைப்பு வரி ஈகையும் அல்ல, விலையும் அல்ல, அது ஒப்புரவு.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது சுதந்திரம்: என் வீடு எரிந்தால் எரியட்டும், எனக்கு இந்தச் சேவை வேண்டாம் என்று ஒருவர் சொல்லக் கூடாதா? தன் வீட்டோடு நிற்கும் நெருப்பு என்றால் சொல்லலாம். அன்று நெருப்பு வேலியைத் தாண்டியது. அந்தக் கூரையின் கீழ் வாடகைக்கு இருப்பவரும் விருந்தாளியும் குழந்தையும் எந்தச் சந்தாவையும் மறுத்துக் கையெழுத்திட்டவர்கள் அல்லர். இரண்டாவது மறுப்பு, கட்டாதவரையும் காப்பாற்றினால் யார்தான் கட்டுவார் என்பது. இது முழுக்க உண்மை. உண்மையாக இருப்பதாலேயே என் வாதத்துக்கு வலு சேர்க்கிறது. மனசாட்சியோடு எவருக்கும் மறுக்க முடியாத ஒரு சேவைக்குரிய கட்டணத்தை அவரவர் விருப்பத்துக்கு விட முடியாது. மூன்றாவது, முதலில் அணைப்போம், பிறகு பெரிய தொகையாக வசூலிப்போம் என்ற நடுவழி. 2011 டிசம்பரில் இதே பகுதியில் இன்னொரு வீடும் இதே காரணத்தால் எரிந்த பிறகு, 2012-இல் சவுத் ஃபுல்டன் இந்த வழிக்கு வந்தது: சந்தா கட்டாதவர் அழைத்தாலும் போவது, அதற்கு 3,500 டாலர் வாங்குவது. வேடிக்கை பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் 75 டாலர் கட்ட இயலாதவரிடம் 3,500 டாலர் எப்படித் தேறும்? அந்தத் தொகைக்குப் பயந்து ஒருவர் அழைக்கத் தயங்கும் ஐந்து நிமிடத்தில் ஓர் அறை நெருப்பு வீட்டு நெருப்பாகிவிடும். பல லட்சம் டாலர் விலையுள்ள வண்டியையோ நெருப்பு மூளும் முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கட்டாயத்தால் கொடுத்தது அறமாகுமா என்பது கடைசி மறுப்பு. தத்துவ நோக்கில் இதுவே கனமானது. வரி கட்டுவதால் எவரும் புண்ணியவான் ஆகிவிடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுநிசியில் படுக்கையை விட்டு எழுந்து லாரியைக் கிளப்பும் தன்னார்வலரிடம் அறம் இருக்கிறது. வரியின் வேலை அந்த அறத்தை வேலியோரத்தில் தடுத்து நிறுத்தாமல் வழிவிடுவது. ஏழைக்குச் சுமையாகும் என்பவர்கள் ஒன்றை எண்ண வேண்டும்: மாளிகைக்கும் தகரக் கொட்டகைக்கும் ஒரே 75 டாலர் கேட்பது சந்தா, சொத்தின் மதிப்பைப் பார்த்துக் கேட்பது வரி. குட்டி அரசுகளும் கெடலாம், யாரும் எட்டிப் பார்க்காத கூட்டங்களில் பணம் வீணாகலாம். அதற்கு மருந்து கூட்டத்துக்குப் போவதும் வாக்களிப்பதும்தான். சந்தாதாரருக்கு அந்த மருந்துகூட இல்லை. 1978-க்குப் பிறகு கலிபோர்னியாவில் ஒரு மாவட்டம் தீயணைப்புக்கெனத் தனி வரி கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நூற்றில் அறுபது பேர் சம்மதித்தாலும் தோல்விதான். அங்கே வாக்குச் சீட்டை மடிக்கும் ஒவ்வொருவரும், தாம் அறியாத ஒருவரின் வீட்டுக்கு எட்டாவது நிமிடத்தில் தண்ணீர் இருக்குமா என்பதையே தீர்மானிக்கிறார்கள். 75 டாலரை நாள்களுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 20 சென்ட் வருகிறது. ஒபியனில் அதை எல்லாரிடமும் வரியாக வாங்கியிருந்தால், யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று அன்று எவரும் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டியதில்லை.