கேளாத கடன்

நம் கார் அண்டை வீட்டாரின் காரை உரசிவிடுகிறது. "பரவாயில்லை, காப்பீட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அவர். நாம் நிம்மதியாக விடைபெறலாமா?

நம் நாட்டில், தொடர்ந்து ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராதவர்க்குச் சொந்தச் சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஒருமுறை கோரினால் பொதுவாக அச்சலுகை அற்றுப்போகும். அன்றியும், 1,500 சி.சி. வரையுள்ள கார்க்கு முதல் 1,000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். ஆக, நம் பிழையின் விலை அவர் தலையில் ஏறுகிறது.

நம் காரின் கீறலுக்குக் காப்பீட்டை நாடுவதா, கைப்பணம் செலவிடுவதா என்பது வெறும் இலாபக் கணக்கே. பிறர் காரின் கீறலோ நாம் பட்ட கடன். அவர் கேளாமையால் அது தீர்ந்துவிடாது. பழுதுபார்க்கும் செலவை நாமே செலுத்துவதைக் கொடையென எண்ணற்க.

மன்னித்தல் அவர்க்கு அழகு. செலுத்துதல் நமக்கு அழகு.