தேய்ந்த பொன்

மெல்போர்ன் வில்லியம் தெருவில் இருக்கும் ஹெலெனிக் அருங்காட்சியகம் சின்னது. கிரேக்க வம்சாவளியினர் 2007இல் தொடங்கியது. நான் போன சமயம், ஏதென்சின் பெனாக்கி அருங்காட்சியகம் 2014 முதல் நீண்ட கால இரவலாகத் தந்திருந்த பொருள்கள் அங்கே இருந்தன. அங்கே இருந்த நேரத்தில் பாதியை ஒரே ஒரு பலகையின் முன்னால் தொலைத்தேன். பைசாந்திய மரபில் வரைந்த திருவுருவம். மரியாள், கையில் குழந்தை. பின்னால் வானமில்லை, மரமில்லை, எல்லாம் பொன்.

செய்முறையைக் கேட்டால் தஞ்சாவூர் ஓவியக்காரர் சிரிப்பார். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசி, வழவழவென்று தேய்த்து, தங்க ரேக்கு ஒட்டுவது. நம்மவர் கல் பதிக்கிறார். அவர்கள் வண்ணத்தை முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தையின் பாதத்தருகே மட்டும் பொன் போயிருந்தது. அடியில் பூசிய செம்மண் எட்டிப் பார்த்தது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் திருவுருவத்தை முத்தமிட்டு வணங்குபவர்கள். உதடுகளின் வேலையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. தொட்டுத் தொட்டுக் கும்பிட்டே நம்மூர்க் கோயில் வாசற்படி நடுவில் வழுவழுத்திருக்குமே, அது மாதிரி.

அருங்காட்சியகம் இருக்கும் இந்தக் கட்டடம் முன்பு நாணயச்சாலை. 1872இல் திறந்து, விக்டோரியா மாநிலச் சுரங்கத் தங்கத்தை உருக்கி 1931 வரை சாவரின் அடித்தார்கள். கல்யாணத்துக்கு எத்தனை சவரன் என்று பேரம் பேசுகிறோமே, அந்தச் சவரன் என்ற பேச்சு இந்த நாணயத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். நாணயத்தின் எடை 7.988 கிராம். தேய்ந்து 7.938க்குக் கீழே போனால் பிரிட்டிஷ் சட்டப்படி செல்லாது. ஊரெல்லாம் கைமாறித் தேய்வதற்கு 0.05 கிராம்தான் அனுமதி! நம் நகைக்கடைக்காரர் மட்டும் என்ன, அம்மாவின் பழைய சங்கிலியைப் போட்டால் எடை குறைந்தது குறைந்ததுதான் என்பார். முப்பது வருஷம் அம்மா கழுத்தில் கிடந்ததற்கு அபராதம்.

பலகையில் கணக்கு தலைகீழ். அந்த இடத்தில் புது ரேக்கு ஒட்டினால் பளபளக்கும், ஆனால் அத்தனை பேரும் வந்துபோனது அழிந்துவிடும். அங்கே இல்லாமல் போன தங்கத்துக்குத்தான் எடை அதிகம்.

இப்போது அது கண்ணாடிக்குப் பின்னால். இனித் தேயாது, அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கிளம்பும்போது கவனித்தேன், பாதத்துக்கு நேராகக் கண்ணாடியில் யாரோ விரல் வைத்த தடம். துடைக்கிற துணியோடு ஊழியர் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.