யாரைத் திட்டுவது?

ஒருத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடைக்காரர், மனக்கணக்கில் புலி. கொஞ்ச மாதமாகச் சில்லறை தப்புகிறது. சட்டைப் பொத்தான் போடவே நேரமாகிறது. மகள் ஜுரத்தில் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை. ‘கல்நெஞ்சுய்யா உனக்கு’ என்று மனைவி அழுதாள். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. (அவளும் பரிசோதனை செய்துகொண்டாள். அது தனிக்கதை.)

எச்.ஐ.வி.யால் வரும் இந்த டிமென்ஷியாவை நேவியா, ப்ரைஸ் முதலான டாக்டர்கள் 1986-ல் நியூயார்க்கில் விவரமாக எழுதினார்கள். சென்னையில் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்ததும் அதே வருஷம்தான்.

வேடிக்கை என்னவென்றால், வைரஸ் நியூரான்களை நேரடியாகத் தாக்குவதில்லை. மூளையின் வாட்ச்மேன்களான மைக்ரோக்ளியா செல்களுக்குள் புகுந்துகொள்கிறது. வாட்ச்மேன் பதறிப்போய்க் கண்ட ரசாயனத்தையும் கொட்டுகிறார். வைரஸின் புரதங்களும் சேர்ந்துகொள்கின்றன. செல்கள் தங்களுக்குள் பேசப் பயன்படும் க்ளூட்டமேட், அளவு மீறிப்போகிறது. கால்சியம் வெள்ளமாய்ப் புகுந்து நியூரான் சாகிறது. பக்கத்தில் நின்ற பாவத்துக்குச் சாவு! அடி அதிகம் விழுவது, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்க்ளியா என்ற பகுதியில். ‘எழுந்து போய்ப் பாரேன்’ என்று நம்மைக் கிளப்பிவிடுவதில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது சொல்லுங்கள், மகளை எட்டிப் பார்க்காதது அவர் குற்றமா? ‘ஐயோ பாவம், வியாதி’ என்பீர்கள். சரி. பத்து வருஷம் முன்னால் இதே மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரே, அது மட்டும் யார்? அதுவும் செல்கள்தானே? கெட்டதை வியாதி கணக்கிலும் நல்லதை மனுஷன் கணக்கிலும் எழுதுவது என்ன நியாயம்?

எனக்கு ஒரு பதில் தோன்றுகிறது. கோபமும் பாராட்டும் செல்லுக்கு இல்லை. சொன்னால் உறைத்து, மாறிக்கொள்ளக்கூடிய ஆளுக்கு. உறைக்க வழியில்லாதவரைத் திட்டுவது சுவரைத் திட்டுகிற மாதிரி.

ஆனால் இந்தப் பதில் ரொம்ப நாள் தாங்காது. 1996-ல் கூட்டு மருந்துகள் வந்தன. இந்திய அரசு 2004 ஏப்ரலில் இருந்து இலவசமாகத் தருகிறது. கடுமையான டிமென்ஷியா இப்போது அபூர்வம். மருந்து ஆரம்பித்த பிறகு பலர் நன்றாகவே தேறுகிறார்கள். லேசான தடுமாற்றம் மட்டும் தங்கிவிடலாம்.

நம்மவரும் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டார். கல்லாவில் உட்காருகிறார். மகளின் ஆண்டு விழாவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. மறந்தாரா, மனசில்லையா? அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மனைவி ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்க்கிறாள். அப்புறம் திட்ட ஆரம்பிக்கிறாள்.