பிளஃப் விடாதே லா!

இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்கிறோம்! சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாம் இருப்பதுபோல் காட்டுவதுதான் பிளஃப். ஆனால் நம்ம ஊரில் எல்லாப் பொய்க்கும் அதுதான் பெயர். துண்டோடு குளியலறை வாசலில் நின்றுகொண்டு, "வந்துக்கிட்டே இருக்கேன், டோல் தாண்டிட்டேன்" என்று போனில் சொல்லாதவர் நம்மில் யார்?

நானும் விட்டிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு எங்கள் கிளை, முதியோர் இல்லத்தில் 40 பேருக்கு மதிய உணவு கொடுக்க முடிவு செய்தது. சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு வாரத்துக்கு முன் தலைவர் கேட்டார்: "சாப்பாடு சொல்லியாச்சா தம்பி?" "ஆச்சுண்ணே, எல்லாம் ஓகே."

ஆகவே இல்லை. நாளைக்குச் சொல்லிக்கலாம் என்ற தைரியம்தான். மூன்று நாள் இருக்கும்போது கூப்பிட்டால், கேட்டரிங் அக்கா தீபாவளி ஆர்டர் நிறைந்துவிட்டது என்றார். வேறு இரண்டு இடங்களிலும் அதே பதில். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. முதல் நாள் இரவுதான் சொன்னேன். அண்ணன் திட்டவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா ஆளுக்கொரு வேலையா பிரிச்சிருக்கலாமேப்பா" என்றார். அவர் அம்மாவும் என் அம்மாவும் விடிய விடிய சமைத்தார்கள். சாப்பாடு போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. என் பிளஃப் உண்மையை மறைத்ததோடு நிற்கவில்லை. மற்றவர்கள் எனக்கு உதவியிருக்கக்கூடிய ஒரு வாரத்தையும் திருடிவிட்டது.

அப்போ பிளஃப்பே கூடாதா? பேட்மிண்டனில் பின்னால் அடிப்பதுபோல் கையை ஓங்கிவிட்டு, வலைக்குப் பக்கத்தில் மெதுவாகப் போடுகிறோம். அது ஆட்டம் என்று எதிராளிக்கும் தெரியும். தாமானில் நாய் குரைத்தால், உள்ளே நடுங்கினாலும் ஓடாமல் நிற்கிறோம். இதில் யாரும் நம் சொல்லை நம்பிக் காத்திருக்கவில்லை. என் "ஓகே" அப்படியல்ல. 40 பேரின் சாப்பாடு அதை நம்பியிருந்தது.

மகாபாரதத்தில் உத்தரகுமாரனைப் பாருங்கள். கௌரவர்கள் விராட நாட்டுப் பசுக்களைக் கவர்ந்தபோது, தேரோட்டி ஒருவன் கிடைத்தால் தனியாகவே மீட்டுவிடுவேன் என்று அரண்மனைப் பெண்கள் முன் ஜம்பம் அடித்தான். படையைப் பார்த்ததும் தேரிலிருந்து குதித்து ஓடினான். நாம் அதோடு சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் அவன் பயம் வெளியே தெரிந்த பிறகுதான் உதவி வந்தது. பிருகன்னளையாக இருந்த அர்ச்சுனன் அவனைப் பிடித்துத் தேற்றி, தேரோட்டச் சொல்லி, தானே போரிட்டு வென்றான். ஊர் திரும்பியதும் தந்தை மகனைக் கொண்டாடினார். தலையாட்டியிருந்தால் போதும், புகழ் முழுக்க அவனுக்கே. அவனோ, வென்றது நான் இல்லை, ஒரு தேவகுமாரன் என்றான். அர்ச்சுனனின் ரகசியத்தைக் காப்பாற்றினான். அவன் வெற்றியைத் திருடவில்லை. ஜம்பம் அடித்த அதே வாய்தான்!

நண்பர்களே, "இன்னும் செய்யலைண்ணே" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான். இந்த வாரம் யாரிடமாவது ஆகாத ஒன்றை "ஆச்சு" என்று சொல்லி வைத்திருக்கிறீர்களா? இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். உதவி செய்ய அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கும்.