விடுபட்ட ஊர்

ஐந்தே நாளில் வட இத்தாலியைப் பார்த்துவிட ஒரு கணவனும் மனைவியும் திட்டம் போடுகிறார்கள். மிலான், வெரோனா, பதுவா, வெனிஸ், பொலோன்யா என்று அவன் எழுதிக்கொண்டே போகிறான். ரயில் வசதி அப்படி. மிலானிலிருந்து வெனிஸுக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரந்தான். அவளுக்கோ மிலானும், வெனிஸில் இரண்டு இரவுகளும் போதும்.

யார் பக்கம் நியாயம்?

இவ்வளவு தூரம் போய்விட்டு ஊர்களை விடுவதா என்பது அவன் கட்சி. நியாயமான ஆசைதான், மறுபடி போக எத்தனை பேருக்கு வாய்க்கிறது? ஆனால் ஊரைப் பார்ப்பது வேறு, ஊர்களை எண்ணுவது வேறு. மிலானில் லியனார்டோ தீட்டிய 'கடைசி இராப்போஜன'த்தின் முன் 15 நிமிஷம்தான் நிற்க விடுகிறார்கள். அது போதும், அடுத்த ரயிலுக்கு மணி பார்க்காதவனுக்கு. வெனிஸ் நகரமோ தன் கட்சியைச் சொல்லியேவிட்டது: 2024-ல், குறிப்பிட்ட சில நாட்களில், பகலில் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோ கட்டணம் விதித்தது, இரவு தங்குகிறவர்களுக்கு அது இல்லை.

இருவர் சேர்ந்து போகும்போது எதை விடுவது என்பதுதான் திட்டம். துணைக்காக மனக்குறையின்றி ஓர் ஊரை விடத் தெரியாதவன், வெனிஸில் நின்றாலும் பொலோன்யாவில்தான் இருப்பான். பக்கத்தில் நிற்கிறவள் தனியாகத்தான் ஊர் பார்ப்பாள்.