யார் கை, எந்தக் கருவியில்?

எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இதை ரொம்ப அழகாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். திரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தைத்தான் காட்டும், ஊரா காலனியா என்று கேட்காது, ஆகவே தொழில்நுட்பம் வகுப்பறைக்குள் வந்தால் சமத்துவமும் அதன் பின்னாலேயே வந்துவிடும் என்பது அந்தப் பேச்சின் சாரம். நம்மில் பாதிப் பேர் இதை நம்புகிறோம். மீதிப் பேர் எந்திரம் என்றாலே முதலாளியின் சூழ்ச்சி என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இரண்டுமே நம்ம சனங்களுக்கு உதவாது.

எந்திரத்தை வேண்டாம் என்பது காந்தியின் வழி. 1945இல் வெளிவந்த, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கும் நூலில் பாபாசாகேப் இதைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். மாடு மாதிரி உழைத்துக்கிடக்கிறவனுக்கு ஓய்வு எங்கே, ஓய்வு இல்லாமல் அறிவு எங்கே, எந்திரம் இல்லாமல் அந்த ஓய்வு எப்படி வரும் என்பது அவர் கேள்வியின் சுருக்கம். நம்ம பிள்ளை கணினி முன்னால் உட்காருவதைப் பார்த்து 'இயற்கையோடு இயைந்த கல்வி' என்று உபதேசம் பண்ணுகிறவர்களிடம் நாம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்கணும்.

ஆனாலும் மரக்காணத்து உப்பளத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். உப்பங்கழி ஓரம் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்தி பாத்தியாகக் கிடக்கிறது. கையால் தண்ணி இறைத்த காலம் போய் மோட்டார் வந்தது. தோள் தப்பித்தது, நல்லது. மோட்டார் வந்த பிறகும் பாத்தியில் இறங்கி மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்துகிற கால், நீளக் கழியில் அடித்த பலகையால் உப்பை வாரி வரப்போரம் குவிக்கிற கை, கூடையைத் தலையில் தூக்குகிற பொம்பளையின் கழுத்து, இதெல்லாம் யாருடையது? சேரியும், ஊர்த்தெருவில் ஒண்ணுமில்லாதவர்களும்தான். மோட்டார் எந்த வேலையை எடுத்துக்கொண்டது, எந்த வேலையை யாருக்கு விட்டுவைத்தது என்று பார்க்காமல் உப்பளம் நவீனமாகிவிட்டது என்று சொல்ல முடியுமா? வகுப்பறைக்கும் அதே கேள்விதான்.

வகுப்பறையில் கருவி என்பது இன்றைக்கு வந்த திரை மட்டுமல்ல. பலகை, கரும்பலகை, தண்ணிப்பானை, வருகைப் பதிவேடு, துடைப்பம் எல்லாமே கருவிதான். ஒவ்வொன்றையும் தொடுகிற கை எது, தொடக்கூடாத கை எது என்ற கணக்கு நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது ஆசிரியர் கணக்குப் போடக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். உடனே வகுப்பே எழுந்து கத்தியது, கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாக்களை ஓடிப்போய் எடுத்தார்கள் என்று அவர் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. அது எல்லோர் கண்ணுக்கும் ஒரே கணக்கைத்தான் காட்டியது. கிட்டப் போய்ச் சாக்கட்டியால் எழுதும் நேரத்தில்தான் தகராறு வந்தது.

இது பழைய கதை என்பவர்களுக்கு 2022 டிசம்பர். பெருந்துறைப் பக்கம் ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கக்கூசு கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் கைதானார். அதற்கு இரண்டு வருசம் கழித்து, 2024இல், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சுமார் 80 ஆயிரம் டேப்லெட்டும், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறையும் கொடுக்க அரசு வேலையைத் தொடங்கியது. வரவேற்கிறோம். அந்தத் திரையின் சுவிட்சைப் போடுகிற பிள்ளை யார், சாயங்காலம் அதன் கீழே பெருக்குகிற பிள்ளை யார் என்று எந்த ஆய்வு அதிகாரியாவது குறித்துக்கொண்டு போவாரா?

கல்லூரி மாணவர் ஒருவர் படிப்பு வட்டத்தில் என்னை மடக்கினார். 'சாதி பாக்குற வாத்தியாரவிட எதையுமே பாக்காத எந்திரம் மேல் இல்லியா தோழர்?' லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. எங்க தெருப் பெரியவர் ஒருத்தர் சொல்வார்: 'வாத்தியாரு எங் கையப் புடிச்சு ஆனா எழுத வச்சதில்ல தம்பி. பலகையக் கீழ வச்சிட்டு நவுந்து நிக்கணும். அவரு குச்சியால தட்டிக் காட்டுவாரு.' அவருக்கு அன்றைக்கு ஒரு செல்போன் கிடைத்திருந்தால்? ஒரே பாடத்தைப் பத்து தடவை கேட்டிருப்பார். ஒரு தடவைகூட அது 'உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு' என்று சொல்லியிருக்காது. வாய் திறந்து 'புரியல சார்' என்று கேட்கக் கூசுகிற பிள்ளைக்கு இது சின்ன விடுதலை இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லித்தான் ஆகணும். அந்த வாத்தியார் நவுந்து நின்றது எல்லோருக்கும் தெரிந்தது. கேள்வி கேட்க முடிந்தது, பிராது கொடுக்க முடிந்தது. இன்றைக்கு அவர் பேரன் அதே நாற்காலியில் உட்கார்ந்து வீடியோவை ஓடவிட்டால் யார் அவரைக் கேட்பது? தொடாமல், பக்கத்தில் போகாமல், பேர் சொல்லிக் கூப்பிடாமல் நாற்பது நிமிசத்தை ஓட்ட ஒரு மரியாதையான வழி கிடைத்துவிடுகிறது. நவீன ஆசிரியர் என்ற பாராட்டு வேறு. எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பதே சாதி தெரிந்தவருக்கு மறைப்பாகிவிடுகிறது. கடைசிப் பெஞ்சுப் பிள்ளைக்குப் புரிந்ததா என்று திரை பார்க்காது. பார்க்க வேண்டியவரும் பார்க்கத் தேவையில்லை.

பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள பிள்ளைகள் திரும்ப உள்ளே வந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடையில் பத்தொன்பது மாசம் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும்தான் பள்ளிக்கூடம். அளத்துக்குப் போகிற வீட்டில் ஒரு போன் இருந்தால் அது விடியுமுன் அப்பாவோடு பாத்திக்குப் போய்விடும். ராத்திரி அவர் திரும்பும்போது சார்ஜும் இருக்காது, பிள்ளை முழித்தும் இருக்காது. 'வீட்டுப்பாடம் அனுப்பாதவர்கள்' என்று குழுவில் ஒரு பட்டியல் வந்தால் அது இல்லாமையை ஊர் பூரா தண்டோரா போடுகிற வேலை. ஆகவே என் நிலை இது: வகுப்பறைக்குள் எல்லோரும் சேர்ந்து தொடுகிற கருவி எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிற கருவியை, எல்லா வீட்டிலும் அது இருக்கிறவரை, ஆசிரியர் பயன்படுத்துவது நியாயமில்லை. பாதிப் பிள்ளைகளாவது படிக்கட்டுமே என்பார்கள். அந்தப் பாதி எப்போதும் ஒரே பாதியாக இருக்கிறதே, அதுதான் பிரச்சினை.

கடைசியில் அரசே மனுசரைத்தான் தேடி வந்தது. 2021 அக்டோபர் 27இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தது எங்க மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம், இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் பெண்கள். மாசம் ஆயிரம் ரூபாய்! திரைக்குக் கோடிகளில் கணக்கு, திரை விட்டதை நிரப்புகிற பொம்பளைக்கு ஆயிரம். கூடவே ஒன்று கேட்கணும்: காலனிப் பெண் ஒருத்தி தன் வாசலில் பாய் விரித்தால் ஊர்த்தெருப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்களா? 2013 ஏப்ரல் 25இல் மரக்காணம் கட்டையன் தெருவில் தலித் வீடுகள் கொளுத்தப்பட்டதை மறக்காதவர்கள் இந்தக் கேள்வியை வீம்பு என்று சொல்ல மாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து தலித் மாணவரையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்குள் மாணவர் செல்போன் கூடாது என்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி குறித்த விவரம் இருக்கக்கூடாது என்கிறது. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிசு. ஆசிரியர் கையில் தினமும் புழங்குகிற கருவி அந்தப் பதிவேடு. இன்றைக்கு அது செயலியாகிவிட்டது. உதவித்தொகைக்காகச் சேகரிக்கிற சாதி விவரம் யார் யார் திரையில் தெரிகிறது, யார் வாயில் வருகிறது என்பது தொழில்நுட்பக் கேள்வியும்தான்.

எங்க தெருவில் பி.எட். படிக்கிற தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போகிறாள். பாடக்குறிப்பு நோட்டில் 'கற்பித்தல் துணைக்கருவி' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'காணொலி' என்று எழுதினால் மதிப்பெண் கூடுமாம். அவள் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்னொரு கட்டம் போட்டிருக்கிறாள். அன்றன்றைக்குக் கருவியைத் தொட்டு இயக்கிய பிள்ளையின் பேர் அதில். மேற்பார்வைக்கு வந்தவர் இது எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். இல்லை சார், நான் போட்டது என்றிருக்கிறாள். அவர் கையெழுத்துப் போடாமல் நோட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டத்தில் இதுவரை பதினொரு பேர். வகுப்பில் முப்பத்து நாலு பேர்.